பனித்தளத்தின் நடுவே ஒரு சிவப்புக் கோடு

வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லில், 1928-29 பருவத்தின் 44 ஆட்டங்களில் 22-இல் ஒரு கோல்கூட விடாமல் காத்தவர் மான்ட்ரியால் கோல்கீப்பர் ஜார்ஜ் ஹெயின்ஸ்வொர்த். அவர் பெரும் திறமைசாலி என்பதில் ஐயமில்லை. ஆனால் விதியும் அவருக்குத் துணைநின்றது. தளத்தை இரு நீலக் கோடுகள் மூன்று பகுதிகளாகப் பிரிக்கின்றன. எதிரணியின் பகுதிக்குள் நுழைந்தபின், பந்துக்குப் பதிலாக ஆடப்படும் ரப்பர் வட்டை முன்னோக்கித் தள்ளிக்கொடுக்க அன்று அனுமதி இல்லை. 1929-இல் அந்தத் தடை நீங்கியதும் வீரர்கள் முன்கூட்டியே கோல் வாயிலில் போய் நின்றுகொண்டார்கள், கோல்கள் பெருகின. வட்டுக்கு முன்னால் எவரும் நீலக் கோட்டைத் தாண்டக் கூடாது என்ற ஆஃப்சைடு விதியைப் பருவத்தின் நடுவிலேயே கொண்டுவர வேண்டியதாயிற்று.

எனினும், தன் பகுதியிலிருந்து நீலக் கோட்டுக்கு அப்பால் வட்டை அனுப்பும் உரிமை இன்னும் கிடைக்கவில்லை. அதனால் எதிரணி மொத்தமாக நெருக்கினால், வட்டை வெளியே கொண்டுவருவதே பெரும்பாடாக இருந்தது. இதற்குத் தீர்வாக 1943-இல் தளத்தின் நடுவே ஒரு சிவப்புக் கோடு வரையப்பட்டு, அதுவரை வட்டை அனுப்பலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. ஆட்டத்தை வேகப்படுத்த வந்த அதே கோடுதான் அரை நூற்றாண்டுக்குப் பின் அதன் கழுத்தை நெரித்தது.

61 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் கொண்ட தளத்தில், தன் பகுதியிலிருந்து ஒருவர் அனுப்பும் வட்டு சிவப்புக் கோட்டைத் தாண்டக் கூடாது என்றால், அதற்குப் பின்னால் இருக்கும் பரப்பைப் பற்றித் தடுப்பவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஒருவர் மட்டும் முன்சென்று, வட்டை வைத்திருப்பவரைப் பக்கச் சுவரை நோக்கி ஒதுக்குவார். மற்ற நால்வரும் நடுப்பகுதியில் அடைத்து நிற்பார்கள். சுவர் ஒரு தடுப்பாளர், கோடு இன்னொரு தடுப்பாளர் என்று ஐவரின் பலம் ஏழாகிவிடும். 'பொறி' என்று பெயர்பெற்ற இந்த உத்தியைக் கொண்டுதான் ஜாக் லெமேர் பயிற்றுவித்த நியூ ஜெர்சி டெவில்ஸ், 1995 இறுதித் தொடரில் டெட்ராய்ட்டை ஆட்டக் கணக்கில் 4-0 என வீழ்த்தியது. வென்றவர்களைக் குறை சொல்ல முடியாது. விதி அனுமதித்ததைத்தான் அவர்கள் செய்தார்கள்.

தன் பகுதியிலிருந்து சிவப்புக் கோட்டைத் தாண்டி வட்டை அனுப்பக் கூடாது என்ற தடையைப் பன்னாட்டு ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பு 1998-லேயே கைவிட்டது. ஆனால் அதை, 2004-05 பருவம் முழுவதும் தொழில் தகராறில் ரத்தான பிறகே என்.எச்.எல். நீக்கியது. நீண்ட பாஸ் செல்லுபடியானதும் தடுப்பவர்கள் முதுகுக்குப் பின்னாலும் கவனம் வைக்க வேண்டிவந்தது. அவர்கள் பின்வாங்கப் பின்வாங்க, நடுப்பகுதியில் இடம் திறந்தது. ஆட்டத்துக்குச் சராசரியாக ஐந்தை ஒட்டியிருந்த கோல்கள் ஆறைத் தாண்டின. ஆனால் முழுப் பெருமையையும் இந்த மாற்றத்துக்குக் கொடுப்பது சரியாகாது. மட்டையால் கொக்கிபோட்டு இழுப்பதையும் பிடித்து நிறுத்துவதையும் நடுவர்கள் அதே பருவத்தில் கடுமையாகத் தண்டிக்கத் தொடங்கியதால், தண்டனை பெற்ற அணி ஓர் ஆள் குறைவாக ஆடும் நேரம் கூடி, அதிகரித்த கோல்களில் பெரும்பங்கு அங்கிருந்தே வந்தது. தண்டனைகள் குறைந்த அடுத்த பருவங்களில் கோல்களும் ஓரளவு குறைந்தன.

சிவப்புக் கோடு அழிக்கப்படவில்லை. அதற்குப் பின்னாலிருந்து அடிக்கப்பட்ட வட்டு யார் மீதும் படாமல் எதிர்முனைக் கோல் கோட்டைத் தாண்டினால் 'ஐசிங்' என்று ஆட்டம் நிறுத்தப்படும். முன்பெல்லாம் தடுக்கும் அணி வட்டை முதலில் தொட்டாக வேண்டும் என்பதால், இரு அணிகளிலிருந்தும் ஒவ்வொருவர் சுவரை நோக்கி முழுவேகத்தில் பாய்வார்கள். 2013 ஏப்ரலில் அப்படி ஓடிய கரோலைனா வீரர் யோனி பிட்கானெனின் குதிகால் எலும்பு முறிந்தது. அடுத்த பருவத்திலிருந்து, சுவருக்கு முன்பாகவே உள்ள புள்ளிகளை யார் முதலில் எட்டுவார் என்று பார்த்துக் கோட்டு நடுவர் முடிவெடுக்கிறார்.