உளவளத்துணை: ‘கவுன்சிலிங்’ என்பதற்கு நம்மிடம் உள்ள சொல்

“அவருக்கு ஒரு கவுன்சிலிங் குடுத்தால் சரி” என்ற பேச்சை வன்னியில் அடிக்கடி கேட்கலாம். குளிசை கொடுப்பதுபோல, ஒருவர் கொடுக்க மற்றவர் வாங்கி விழுங்கும் ஒன்றாக அதை நினைத்துவிட்டோம். பிள்ளை படிக்காவிட்டாலும், கணவன் குடித்தாலும் கூப்பிட்டு வைத்துச் சொல்லும் புத்திமதிக்கும் அதே பெயர்தான்.

சொல்லின் வேரிலேயே அந்தக் குழப்பம் இருக்கிறது. லத்தீனில் ‘கொன்சீலியும்’ என்றால் கூடி ஆராய்தல். அறிவுரை என்றும் பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அறிவுரை என்ற பொருளே மேலோங்கியது. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரொஜர்ஸ் 1942இல் வெளியிட்ட நூலில் இதற்கு எதிரான வழியைக் காட்டினார். இன்னதைச் செய் என்று சொல்வது உதவுபவரின் வேலையல்ல. தீர்ப்புச் சொல்லாமல் கேட்டு, வந்தவர் தன் நிலையைத் தானே விளங்கிக்கொள்ள உதவுவதே வேலை என்றார். இன்று இந்தத் துறையில் பயிலும் பலரும் தொடக்கத்திலேயே கற்பது இதைத்தான்.

தமிழகத்தில் ‘மனநல ஆலோசனை’ என்பார்கள். ‘ஆலோசனை’ மறுபடியும் அறிவுரைப் பக்கமே இழுக்கிறது. யாழ்ப்பாணத்தில் ‘சீர்மியம்’ என்ற சொல்லும் உண்டு; அழகான சொல், ஆனால் கேட்டவுடன் விளங்காது. இலங்கையில் நிலைத்தது உளவளத்துணை: உளம், வளம், துணை. மூன்றில் எனக்குப் பிடித்தது கடைசிச் சொல். துணை என்பது கூட நிற்பது. திருக்குறளில் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. துணையைத் தேடிக்கொள்வதை அங்கே யாரும் குறையாகப் பார்க்கவில்லை.

வன்னியில் இந்த வேறுபாடு மிக முக்கியம். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். மகன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத தாயிடம் “மறந்துவிடுங்கோ அம்மா” என்பது உளவளத்துணை ஆகாது. அது அவரைக் காயப்படுத்தும் புத்திமதி. அவருடைய காத்திருப்பையும் கோபத்தையும் அப்படியே கேட்க ஓர் ஆள் வேண்டும். அதற்காக நீதி கேட்பதை அவர் விடவும் தேவையில்லை.

சரி, எங்கே போவது? பல பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறார். மன்னார், வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைகளில் உளநல கிளினிக்குகள் நடக்கின்றன. அரச வைத்தியசாலை என்பதால் காசு இல்லை. போக முடியாதவர்கள் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் நேராக வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தனியே விடாமல் ஒருவர் கூடப் போவது நல்லது.

பைத்தியம் என்று ஊர் சொல்லுமோ என்ற பயத்தில்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். அங்கே போய் நோயின் பெயர் எதையும் சொல்லத் தேவையில்லை. நம் பேச்சில் ‘யோசினை’ என்றாலே கவலைதானே. “கன யோசினையா இருக்கு, நித்திரை இல்லை, பெருமூச்சு வருது” என்று தொடங்கினால் போதும். மீதியை அவர்கள் கேட்பார்கள்.