கோப்பையைப் பிரிக்காதீர்கள், காய்ச்சலைப் பாருங்கள்

புற்றுநோய்க்கு முதல் கீமோ மருந்து ஏற்றிப் பத்தாம் நாள் ஒரு அம்மாவைக் காய்ச்சலோடு கொண்டுவந்தார்கள். காய்ச்சல் தொடங்கி அப்போதே இரண்டு நாளாகிவிட்டது. பிரஷர் இறங்கி, கை கால் குளிர்ந்து, கூப்பிட்டால் முனகல் மட்டும்தான். "மருந்துச் சூடு எண்டு நினைச்சுப் பனடோல் குடுத்தனாங்கள் மிஸ்" என்றாள் மகள். வவுனியா டவுனுக்குள் வாடகைக்கு எடுத்த மேல்வீட்டில் மகளோடும் மருமகனோடும் பேரப்பிள்ளைகளோடும் இருக்கிறார் அந்த அம்மா. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் இப்படி வந்து பிழைக்காமல் போனவர்களையும் வாட்டில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காய்ச்சலை இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்த அதே வீட்டில், தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியால் வந்து இறங்கிய அன்றே அம்மாவின் கோப்பையையும் பேணியையும் வேறாக்கிவிட்டார்கள். படுக்கையைப் பல்கனிப் பக்கம் ஒதுக்கினார்கள். பேரப்பிள்ளைகள் மடியில் ஏறக்கூடாது. கீழ்வீட்டு உரிமையாளர், அம்மாவின் உடுப்பைப் பொதுக் கொடியில் காயப்போட வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். அம்மாவிடமிருந்து வீட்டைக் காப்பாற்ற எல்லாம் நடந்திருக்கிறது. வீட்டிலிருந்தும் வெளியிலிருந்தும் வரும் கிருமியிடமிருந்து அம்மாவைக் காப்பாற்ற யாரும் நினைக்கவில்லை.

எத்தனை தடவை சொன்னாலும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது: புற்றுநோய் தொற்றாது. ஒரே கோப்பையில் சாப்பிட்டால் தொற்றாது, அவர் குடித்த மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தாலும் தொற்றாது. ஒரே கட்டிலில் படுப்பதாலோ, கட்டிப்பிடிப்பதாலோ, கொஞ்சுவதாலோ, ஒரே மலசலகூடத்தைப் பாவிப்பதாலோ தொற்றாது. புற்றுநோய் என்பது அந்த மனிதரின் சொந்தக் கலங்களே கட்டுப்பாடில்லாமல் பெருகுவது. அது கிருமி இல்லை. தொற்றுமென்றால் புற்றுநோய் வாட்டில் வருடக்கணக்காக வேலை செய்யும் தாதியருக்கும் சிற்றூழியருக்கும் முதலில் வந்திருக்க வேண்டும். அவர்கள் நோயாளியைக் குளிப்பாட்டுகிறார்கள், புண்ணுக்கு மருந்து கட்டுகிறார்கள், பிறகு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குச் சோறு தீத்துகிறார்கள்.

"அப்ப ஏன் மிஸ் ஒரே வீட்டில ரெண்டு பேருக்கு வந்தது?" என்று கேட்பார்கள். சில குடும்பங்களில் மார்புப் புற்றுநோய் போன்றவை பரம்பரை வழியாக வரக்கூடும். அப்பாவும் மகனும் ஒரே வெற்றிலைத் தட்டத்தில் பாக்கும் புகையிலையும் போட்டு வளர்ந்திருந்தால் இரண்டு பேருக்கும் வாய்ப் புற்றுநோய் வரலாம். கோப்பைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும், உண்மை. ஆனால் அது போவது பாலுறவு வழியாக, புற்றுநோயாக மாறினால் அதற்கும் பல வருடங்கள் எடுக்கும். அதற்குத்தான் 2017 முதல் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஊசி போடுகிறார்கள். உங்கள் மகளின் வகுப்பில் போடும்போது சம்மதக் கடிதத்தில் தயவுசெய்து கையெழுத்து வையுங்கள்.

கரண்ட் பிடிப்பவர்களை, அதாவது கதிர்ச் சிகிச்சை எடுப்பவர்களைப் பற்றியும் இதே பயம். வெளியிலிருந்து மெஷினால் கதிர் கொடுத்துவிட்டு வருகிறவர் உடம்பில் கதிர் மிஞ்சுவதில்லை, அன்றிரவே பேரப்பிள்ளை பக்கத்தில் படுக்கலாம். கழுத்துக் கழலைப் (தைரொயிட்) புற்றுநோய்க்குக் கதிரியக்க அயடீன் குடிக்கக் கொடுத்தவர்கள் மட்டும் வேறு. அவர்கள் சில நாட்களுக்குச் சிறுபிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் விட்டுத் தள்ளியிருக்க வேண்டும். எத்தனை நாள் என்பதை ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்புவார்கள். அந்த ஒரு சாராருக்குச் சொன்னதை எல்லோருக்கும் பொருத்தி ஒரு தாயைப் பல்கனியில் படுக்கவைக்காதீர்கள்.

இனி, பயப்பட வேண்டியதற்கு வருகிறேன்.

கீமோ, புற்றுநோய்க் கலங்களோடு சேர்த்து எலும்பு மச்சையையும் அடிக்கும். கிருமியோடு போராடுகிற வெள்ளை அணுக்கள் குறையும். பெரும்பாலான மருந்துகளுக்கு ஏற்றிய நாளிலிருந்து 7 முதல் 14 நாள் வரைதான் மிகக் குறைவான காலம். கலண்டரில் அந்த நாட்களைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு வையுங்கள். பாமசியில் ஒரு டிஜிட்டல் வெப்பமானி வாங்குங்கள். கையை நெற்றியில் வைத்துப் பார்க்கிற பழக்கம் இங்கே உதவாது. 100.4 பாகை ஃபரனைட் காட்டினால் அது அவசரம். பகலோ, நடுச்சாமமோ, நாளைக்குக் கிளினிக் நாளோ, எதுவானாலும் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பனடோல் கொடுத்துப் பார்க்க வேண்டாம். காய்ச்சலை அது மறைத்துவிடும், கிருமி உள்ளே வேலையைச் செய்துகொண்டிருக்கும். காய்ச்சலே இல்லாமல் நடுக்கம் வந்தாலும், திடீரென்று குழம்பிப் பேசினாலும், வயிற்றோட்டம் நிற்காவிட்டாலும் போகத்தான் வேண்டும். வயதானவர்களுக்குச் சிலவேளை காய்ச்சல் காட்டாது.

எந்த ஆஸ்பத்திரி? கிட்ட இருப்பது. வவுனியாவோ, கிளிநொச்சியோ, முல்லைத்தீவோ, மன்னாரோ, எது கிட்டவோ அங்கே ஈ.டி.யூ.வுக்கு, அதாவது அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். "மருந்து ஏத்தினது தெல்லிப்பழையில, அங்கதான் கொண்டு போகோணும்" என்று விடியும்வரை காத்திருந்து ஏ9 வீதியில் பஸ் பிடிக்காதீர்கள். நரம்பு வழி அன்ரிபயோற்றிக் ஒரு மணித்தியாலத்துக்குள் ஏறுவதுதான் முக்கியம், அதை இங்கேயே ஏற்றலாம். வாகனம் இல்லையென்றால் 1990 க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. வாசலில் நுழையும்போதே "கீமோ எடுக்கிறவ, காய்ச்சல்" என்று சொல்லிக் கிளினிக் கொப்பியை நீட்டுங்கள். வரிசையில் பேசாமல் குந்தியிருக்காதீர்கள்.

வீட்டு விஷயங்கள். மேல்வீட்டில் இருப்பவர்கள் தண்ணீர்த் தாங்கியைக் கடைசியாக எப்போது கழுவினோம் என்று யோசியுங்கள், பலருக்கு அது நினைவிலேயே இருக்காது. குடிக்க எப்போதும் கொதித்தாறிய தண்ணீர். பழஞ்சோறு, அரை அவியல் முட்டை, காய்ச்சாத பால், கடையில் வெட்டி வைத்த பழம் இவை கொஞ்சக் காலத்துக்கு வேண்டாம். அவித்து இறக்கிய சூட்டோடு சாப்பிடக் கொடுங்கள். வயலால் வருகிறவர் சேற்றுக் காலோடு நேரே அவருக்குப் பக்கத்தில் போகாமல், கை கால் முகத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி உடுப்பு மாற்றிவிட்டுப் போகட்டும். மாரியில் எலிக்காய்ச்சலும் டெங்கும் நமக்கே சோதனை, வெள்ளை அணு இல்லாதவருக்குக் கேட்கவே வேண்டாம். பூச்சாடித் தட்டில் நிற்கும் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். பகல் நித்திரைக்கும் நுளம்பு வலை கட்டுங்கள்.

வீட்டுப் பிள்ளைக்கு அம்மாள் வருத்தம் வந்தால் மறைக்காதீர்கள். வேப்பிலை கட்டுவதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை, ஆனால் அன்றே கிளினிக்குக்குத் தெரிய வேண்டும். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அது பரவத் தொடங்கிவிடும். கீமோ எடுப்பவருக்கு உயிராபத்து. அந்தப் பிள்ளையை மட்டும் விலக்கி வையுங்கள்.

மலசலகூடம் பற்றி ஒன்று. மருந்து ஏற்றி முதல் 48 மணித்தியாலம் சலத்திலும் மலத்திலும் வாந்தியிலும் கீமோ மருந்து கொஞ்சம் வெளியேறும். இருந்து போகச் சொல்லுங்கள், பிறகு மூடியை மூடி இரண்டு தடவை தண்ணீர் அடியுங்கள், வாளித் தண்ணீரென்றால் தாராளமாக ஊற்றுங்கள். வாந்தி பட்ட துணியைக் கையுறை போட்டு எடுத்து வேறாகத் தோயுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் இந்த வேலையைச் செய்யக்கூடாது. இதைச் சொன்னவுடன் "பாத்தியளே, தொற்றுத்தானே" என்று ஆரம்பிப்பார்கள். இது மருந்தின் மிச்சம், நோய் இல்லை. இரண்டு நாளில் முடிந்துவிடும். தோய்த்த உடுப்பு எந்தக் கொடியிலும் காயலாம்.

பார்க்க வருகிறவர்களிடம் ஒரு மன்றாட்டம். வானைப் பிடித்துப் பத்துப்பேர் வந்து அந்தச் சின்ன ஹோலில் நிறையாதீர்கள். தடிமன், இருமல் இருந்தால் போனில் கதையுங்கள். "இன்னாருக்கும் இதுதான், மூன்று மாதத்தில முடிஞ்சுது" என்ற கதையை வாசலுக்கு வெளியிலேயே விட்டுவிடுங்கள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வாட்ஸ்அப்பில் வரும் அன்னமுன்னா இலைக் கசாய வீடியோக்களை அனுப்ப வேண்டாம். இலைக் கசாயங்கள் சில ஈரலைப் பாதிக்கும், சில மருந்தோடு மோதும். ஏற்கனவே குடிக்கத் தொடங்கியிருந்தால் ஒளிக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள், அவர் ஏசமாட்டார். மீன் கிரந்தி, முட்டை கூடாது, இறைச்சி புற்றை வளர்க்கும் என்று எல்லாவற்றையும் நிறுத்தி வெறும் கஞ்சி கொடுக்கிறார்கள். அடுத்த ஊசிக்குள் எலும்பும் தோலுமாகிவிடுகிறார், டொக்டர் சிலவேளை ஊசியைத் தள்ளிவைக்க வேண்டிவருகிறது. நன்றாக அவித்த முட்டை, மீன், பருப்பு, பயறு, வாய்க்குப் பிடித்தது எதுவோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள்.

வற்றாப்பளைப் பொங்கலுக்கோ மடுத் திருவிழாவுக்கோ நேர்த்தி இருந்தால், நாள் வட்டமிட்ட காலத்துக்குள் விழுகிறதா என்று முதலில் பாருங்கள். விழுந்தால் வீட்டில் வேறொருவர் போய் நேர்த்தியை நிறைவேற்றட்டும்.

கீழ்வீட்டு உரிமையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாதத்தில் சில நாள் படியேறவே முடியாமல் ஒரு மனுஷி உங்கள் வாசலில் குந்துவார். ஒரு கதிரையைப் போட்டுக் கொடுங்கள். கீழே இருக்கிற மலசலகூடத்தைப் பாவிக்க விடுங்கள். இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சலென்று மேலிருந்து மகள் கத்தினால், கேற்றின் திறப்பு எங்கே என்று தேடாமல் எடுக்கக்கூடிய இடத்தில் இருக்கட்டும்.