காலையில் தேறிய வெல்டிங் மறுநாள் ஏன் பிளக்கிறது?

ஹைட்ரஜன் பிளவு வெல்டிங் போட்ட அன்றைக்கே தெரிந்துவிடுவதில்லை. மேலே படிந்த கசடை (ஸ்லாக்) தட்டி, கண்ணால் பார்த்து, அல்ட்ராசானிக் சோதனையிலும் தேறிவிடும். ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துத்தான் ஓரத்திலோ அடியிலோ மயிரிழையாகப் பிளக்கும். அதனால்தான் 690 மெகாபாஸ்கல் தர எஃகுகளுக்கு, வெல்டிங் முடிந்து 48 மணி நேரம் கழித்தே கடைசிச் சோதனை என்று அமெரிக்க வெல்டிங் விதிநூல் சொல்கிறது. டெலிவரி நெருங்கும்போது முதலில் கைவைக்கப்படுவது இந்த 48 மணி நேரத்தில்தான். இதை எந்த மேற்பார்வையாளரும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

பிளவு வர மூன்று சேர வேண்டும்: ஹைட்ரஜன், கடினமான எஃகு, இழுவிசை. வெல்டிங் மின்வில்லின் சூட்டில் ஈரம் உடைந்து ஹைட்ரஜன் அணுக்களாகி, உருகிய எஃகில் கரைகிறது. எஃகு உறைந்ததும் அவ்வளவையும் தாங்காது. மிஞ்சிய அணுக்கள் மெல்ல நகர்ந்து, வெல்டிங்கை ஒட்டிச் சூடு பட்ட தகட்டுப் பகுதியில் சேர்கின்றன. அந்தப் பகுதி வேகமாக ஆறியிருந்தால் மார்ட்டன்சைட் என்ற நொறுங்கும் அமைப்பாக மாறியிருக்கும். கடினம் 350 விக்கர்ஸைத் தாண்டினால் ஆபத்து அதிகம். தகடு ஏறத்தாழ 150 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகே பிளவு தொடங்கும். அணுக்கள் வந்து சேர நேரம் எடுப்பதால்தான் இந்தத் தாமதம்.

சிங்கப்பூரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல், விடியற்காலையில் 90ஐயும் தாண்டும். 7018 என்ற வெல்டிங் ராடின் மேல்பூச்சு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பெட்டியைத் திறந்து வெளியில் வைத்த ராடை அவனில் (சூட்டடுப்பில்) 260 முதல் 430 டிகிரிக்குள் குறைந்தது இரண்டு மணி நேரம் சுட வேண்டும். பிறகு 120 டிகிரிக்குக் குறையாத ஹோல்டிங் அவனில் வைக்க வேண்டும். அங்கிருந்து எடுத்த 7018ஐ நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். இது பலருக்கும் தெரியும். ராடின் வலிமை கூடக் கூட அந்த நேரம் சுருங்கும் என்பது தெரிவதில்லை: 8018க்கு இரண்டு மணி நேரம், 9018க்கு ஒன்று, 11018க்கு வெறும் அரை மணி நேரம். மறுபடி சுடுவது ஒரே ஒரு முறைதான். மழையில் நனைந்த ராடைச் சுட்டாலும் பயனில்லை, தூக்கிப் போடுங்கள். ராடைச் சூடாக வைத்துக் கையில் தூக்கும் குவிவரின் பிளக் சாக்கெட்டில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் இல்லாத குவிவர் வெறும் டப்பா.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. 6010 ராடின் பூச்சுக்கு ஈரம் தேவை, அதை அவனில் வைத்தால் வில் கெட்டுப்போகும். எல்லா ராடையும் ஒரே அவனில் அடுக்குவது தவறு.

ப்ரீஹீட் (வெல்டிங்குக்கு முன் தகட்டைச் சூடாக்குவது) எவ்வளவு என்பதைத் தகட்டின் மில் சர்டிபிகேட்டில், அதாவது ஆலை தரும் கலவைச் சான்றிதழில், உள்ள அளவுகளிலிருந்து கணக்கிடலாம். கார்பன் அளவோடு மாங்கனீசில் ஆறில் ஒரு பங்கு, குரோமியம், மாலிப்டினம், வனேடியம் மூன்றின் கூட்டுத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு, நிக்கல், செம்பு இரண்டின் கூட்டுத்தொகையில் பதினைந்தில் ஒரு பங்கு ஆகியவற்றைக் கூட்டினால், தகடு எவ்வளவு எளிதில் கடினமாகும் என்று காட்டும் கார்பன் சமமதிப்பு கிடைக்கும். கார்பன் 0.15 விழுக்காடு, மாங்கனீசு 0.9 விழுக்காடு என்றால் விடை 0.30. இது பொதுவாகத் தொல்லை தராத தகடு. கார்பன் 0.16, மாங்கனீசு 0.9, குரோமியம் 0.6, மாலிப்டினம் 0.5, வனேடியம் 0.05, நிக்கல் 1.2, செம்பு 0.15 என்றால் 0.63. கார்பன் ஏறத்தாழ ஒன்றுதான், ஆனால் இரண்டையும் ஒரே மாதிரி வெல்டிங் செய்தால் இரண்டாவது பிளக்கும். தடிமன் கூடினாலும் அப்படித்தான்: தடித்த தகடு சூட்டை வேகமாக இழுத்துக்கொள்ளும்.

கேஸ் பர்னரை வைத்ததும் குளிர்ந்த தகடு வியர்க்கும். எஃகுக்குள்ளிருந்து ஈரம் வெளியேறுகிறது என்று சொல்லிக்கொள்வார்கள். அது தவறு. வாயு எரியும்போது உண்டாகும் நீராவிதான் தகட்டில் படிகிறது. தகடு காய்ந்ததும் வேலையைத் தொடங்கினால், ஈரம் போயிருக்குமே தவிர ப்ரீஹீட் ஏறியிருக்காது. சூட்டை இணைப்பிலிருந்து தகட்டின் தடிமன் அளவு தூரத்தில், 75 மில்லிமீட்டருக்குக் குறையாமல், சுற்றிலும் அளக்க வேண்டும். பளபளப்பாக கிரைண்ட் செய்த பரப்பில் இன்ஃப்ராரெட் கன் குறைத்துக் காட்டும், குறித்த சூட்டில் உருகும் டெம்ப் சாக்கை நம்பலாம்.

மிகவும் கவலை தருவது, துண்டுகளை நகராமல் பிடித்து நிறுத்தப் போடும் டேக் வெல்டுதான். அது சின்னது, அதனால் மிக வேகமாக ஆறும், மிகக் கடினமாகும். தற்காலிகக் கொக்கிக்கும் பிராக்கெட்டுக்கும் கூட அதே ப்ரீஹீட், அதே ராடு வேண்டும். 1980 மார்ச் 27 அன்று வட கடலில் அலெக்சாண்டர் கீலன் என்ற எண்ணெய் வயல் மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தனர். தாங்குகுழாய் ஒன்றில் ஹைட்ரோபோன் (நீருக்கடியில் ஒலி கேட்கும்) கருவிக்காகப் போட்ட 6 மில்லிமீட்டர் ஃபில்லட் (மூலை) வெல்டிலிருந்துதான் முறிவு புறப்பட்டது. பிளவின் உள்முகத்தில் பெயின்ட் இருந்தது. பெயின்ட் அடிப்பதற்கு முன்பே பிளவு அங்கே இருந்திருக்கிறது என்பதே அதன் பொருள்.

அந்தப் பெயின்டைக் கவனித்துப் பொருள் சொல்வதுதான் உலோகவியலாளரின் வேலை. இங்கே இரும்புத்தாது வெட்டும் சுரங்கம் கிடையாது. எஃகு படித்தவருக்கு வேலை பெரும்பாலும் வெல்டிங் செயல்முறை, அரிப்பு, முறிவு ஆய்வு ஆகியவற்றில்தான். என்டியூ, என்யூஎஸ் பல்கலைக்கழகங்கள் இரண்டிலும் பொருளறிவியல் துறை உண்டு. இந்தப் பக்கம் வர நினைக்கும் பிள்ளைகள் பட்டறைத் தரையில் நிற்கவும் பழகிக்கொள்ள வேண்டும்.

பிளந்த துண்டு ஆய்வகத்துக்கு வந்ததும் குறுக்கே வெட்டி, மெருகேற்றி, 2 விழுக்காடு நைட்டால் (ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) கரைசலில் தோய்த்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பிளவு வெல்டிங்கின் நடுக்கோட்டில் ஓடினால் அது பெரும்பாலும் உறையும்போதே வந்த சூட்டுப் பிளவு. தகட்டின் கடினப்பட்ட பகுதிக்குள் ஓடினால் ஹைட்ரஜனைச் சந்தேகிக்க வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் ரிப்பேர் செய்தால் அதே இடம் மறுபடி பிளக்கும்.

ஆனால் துண்டு சரியான நிலையில் வந்து சேர வேண்டும். பிளவுக்கு அருகில் கேஸ் கட்டிங் வேண்டாம், சூடு அமைப்பையே மாற்றிவிடும். பிளவின் முகத்தை வயர் பிரஷால் தேய்க்காதீர்கள், விரலால் தொடாதீர்கள். ஈரமில்லாத பையில் சிலிக்கா ஜெல் போட்டு மூடுங்கள். முக்கியமாக, உடைந்த இரண்டு முகங்களையும் பொருந்துகிறதா என்று ஒட்டிப் பார்க்காதீர்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நாங்கள் தேடும் தடயம் அந்த ஒரு உரசலிலேயே அழிந்துவிடும்.