யங் அடல்ட்: சொல்லும் அலமாரியும்

யங் அடல்ட்: ஏறத்தாழ 12 முதல் 18 வயது வரையுள்ள வாசகருக்கான புத்தகங்களுக்கு ஆங்கில நூலகங்களும் பதிப்பகங்களும் வைத்த பெயர். சிங்கப்பூரில் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகளும் சுருக்கமாக ‘ஒய்ஏ’ என்றே சொல்கிறார்கள். தமிழில் என்ன என்று கேட்டால் ஆளுக்கொரு சொல் வரும், எதுவும் சரியாக உட்காராது. குழப்பம் அந்த ஆங்கிலப் பெயரிலேயே இருக்கிறது.

‘அடல்ட்’ லத்தீன் வழி வந்தது. ‘அடொலெஸ்கெரே’ என்றால் வளர்தல். வளர்ந்துகொண்டிருப்பவர் அடலசென்ட், வளர்ந்து முடிந்தவர் அடல்ட். இரண்டுக்கும் வேர் ஒன்றே, காலம்தான் வேறு. (பிறன்மனை நோக்குவதைக் குறிக்கும் ‘அடல்டரி’ ஒலியில் மட்டும் உறவு; அதன் வேர் வேறு.) அப்படியானால் ‘யங் அடல்ட்’ என்பவர் வளர்ந்து முடித்த இளையவர். 13 வயதுப் பிள்ளையை அப்படி அழைப்பது கொஞ்சம் முகஸ்துதிதான்.

புத்தகத்தை வயதால் பிரிப்பது பழைய பழக்கம். 1802இல் இங்கிலாந்தில் எழுத்தாளர் சாரா டிரிம்மர் தம் இதழில் 14 வயதுக்குக் கீழே சிறுவர், 14 முதல் 21 வரை இளம் வயதினர் என்று கோடு போட்டார். அமெரிக்க நூலகச் சங்கம் 1957இல் யங் அடல்ட் சேவைக்குத் தனிப் பிரிவே தொடங்கியது.

தமிழில் வயதுப் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. செய்யுள் வகைகளுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் பெண்ணுக்கு ஏழு பருவம் வகுத்தன. ஒரு கணக்குப்படி மங்கைக்கு 12, 13. மடந்தைக்கு 14 முதல் 19. யங் அடல்ட் அலமாரிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். ஆனால் அவை உலா என்ற சிற்றிலக்கியத்தில் பவனி வரும் தலைவனைக் கண்டு மயங்கும் பெண்களை வரிசைப்படுத்த உதவிய பெயர்கள், அலமாரியில் ஒட்ட முடியாது. ‘விடலை’ நல்ல பழஞ்சொல். இன்றைக்கு ‘விடலைப் பசங்க’ என்றால் வசவு. ‘பதின்ம வயதினர்’ நேர்மையான சொல், எனக்கு அதில் பெரிய குறை இல்லை, ஆங்கில ‘டீன்’ சொல்லைத் துரத்திப் போனது என்பதைத் தவிர.

சிங்கப்பூரில் நமக்கென்று ஒரு சொல் இருக்கிறது: இளையர். செய்தித்தாளிலும் அரசாங்க அறிவிப்பிலும் தினமும் பார்க்கிறோம். சிக்கல் என்னவென்றால், தேசிய இளையர் மன்றத்தின் கணக்கில் இளையர் என்றால் 15 முதல் 35 வயது வரை. கைக்குழந்தையோடு வீட்டுக் கடன் கட்டுகிறவரும் இளையர்தான். ‘இளையர் நாவல்’ என்றால் யாருக்கு என்று கேட்கத்தானே செய்வார்கள்?

மறுபக்கம் இன்னும் மோசம். ‘அடல்ட் நாவல்’ என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், புருவம் உயரும். ‘வயது வந்தோருக்கு மட்டும்’ என்று படத்தில் எழுதிக் காட்டிப் பழகிய நமக்கு அந்தச் சொல்லில் வேறு வாடை ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் ‘அடல்ட் ஃபேன்டசி’ என்றால் பெரியவர்கள் படிக்கும் மிகுபுனைவு, அவ்வளவே.

இந்தக் குழப்பம் அதிகம் கடிப்பது மிகுபுனைவைத்தான். இங்கே படத்துக்கு பிஜி13, என்சி16, எம்18, ஆர்21 என்று படிப்படியாக வயது முத்திரை உண்டு, நாவலுக்கு இல்லை. மந்திரவாதியும் பறக்கும் நாகமும் வந்தாலே சின்னப் பிள்ளைக் கதை என்று எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். அம்புலிமாமாவில் வேதாளம் கேட்ட கேள்விகளை நினைத்துப் பார்த்தால் நம் வீடுகளில் இந்தக் கோடு எப்போதுமே கலங்கல்தான் என்பது தெரியும்.

நாயகிக்கு 16 வயது என்பதால் நாவல் யங் அடல்ட் ஆகிவிடாது. ரத்தம் எத்தனை பக்கத்தில் வருகிறது என்பதும் முடிவு செய்யாது. கதை சொல்லும் குரல் எங்கே நின்று பார்க்கிறது என்பதே என் அளவுகோல். ஒரே நிகழ்ச்சியை இரண்டு விதமாக எழுதிப் பார்ப்போம்.

“அம்மாவின் குரலைக் கொடுத்தால் தம்பியைத் திருப்பித் தருவதாகப் பேய் சொன்னது. ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. நான் தலையாட்டிவிட்டேன்.”

“தலையாட்டியபோது அவளுக்குப் பதினாறு. அதற்குப் பிறகு இருபது வருடம் அம்மா ஊமையாகவே சமைத்தாள், துவைத்தாள். ஒருநாளும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.”

பேயும் பெண்ணும் பேரமும் ஒன்றுதான். முதலாவதில் அவள் அந்த வயதுக்குள்ளேயே நிற்கிறாள், அடுத்த நொடி என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அது யங் அடல்ட். இரண்டாவது, விலை கட்டி முடித்த பிறகு திரும்பிப் பார்க்கிறது. 13 வயதுப் பிள்ளை அதையும் படிக்கலாம், தப்பில்லை. ஆனால் அந்த இருபது வருடத்தின் கனம் தெரிந்த வாசகரை நோக்கியே அது பேசுகிறது.

பாலுறவுக் காட்சி இருந்தால்? பெற்றோர் கேட்பது நியாயம். அது எந்த வயதில் கையில் கொடுப்பது என்ற கேள்வி. கதையின் வகையை அது மட்டுமே தீர்மானிக்காது. பதிப்பகங்களோ இரண்டையும் சேர்த்தே பார்க்கும், விற்பனையையும் கூடவே. அமெரிக்க எழுத்தாளர் சாரா ஜே. மாஸ் 2015இல் தொடங்கிய மிகுபுனைவு வரிசை முதலில் யங் அடல்ட் பெயரில் வந்தது. 2020இல் புது அட்டை போட்டுப் பெரியவர் வரிசைக்கு மாற்றினார்கள். 2014இல் சிங்கப்பூரின் தேசிய நூலக வாரியம் இரண்டு சிறுவர் படக்கதைப் புத்தகங்களைப் பெரியவர் பகுதிக்கு நகர்த்தியதும் பலருக்கு நினைவிருக்கும். அலமாரி வாசகரை மட்டும் வைத்து முடிவாவதில்லை.

சரி, தமிழில் என்ன எழுதுவது? தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘வளரிளம் பருவம்’ என்றொரு தொடர் உண்டு. அறிவியல் பாட வாடை அடித்தாலும் அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ‘வளர்’ இங்கே வினைத்தொகை, ஊறுகாய் மாதிரி. வளர்ந்த, வளர்கிற, வளரும் என்று மூன்று காலமும் அதில் அடங்கும். லத்தீனில் இரண்டு சொல்லாகப் பிரிந்துபோனதை இது ஒன்றாகவே பிடித்துக்கொள்கிறது. அதோடு நம் ஊர் ‘இளையர்’ சேர்ந்தால் ‘வளரிளையர்’. 35 வயதுக்காரரை அப்படி யாரும் அழைக்கமாட்டார்கள்.

‘வளரிளையர் மிகுபுனைவு’ என்று அட்டையில் போட்டால் கனமாக இருக்கும், ‘வளரிளையர் கதை’ போதும். பெரியவருக்கானதை வெறுமனே ‘நாவல்’ என்றே விட்டுவிடலாம். அதற்கு முன்னால் ‘வயது வந்தோர்’ மட்டும் வேண்டாம்.