பானைக்கு எத்தனை லிட்டர்?

பழைய கார் ஸ்பீக்கரை மண்பானை வாயில் வைத்துப் பாட்டுக் கேட்பவர்களை நம் ஊர்ப் பக்கம் பார்த்திருப்பீர்கள். கையில் பிடித்திருக்கும்போது கீச்சென்று கத்திய அதே ஸ்பீக்கர், பானைமேல் உட்கார்ந்ததும் கும்மென்று இறங்கும். ஸ்பீக்கரின் அசையும் கூம்பான கோன் முன்னே தள்ளும்போது முன்பக்கக் காற்று நெருங்குகிறது; அதே கணத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் எட்டரை மீட்டர். ஆறங்குல ஸ்பீக்கரின் விளிம்பைச் சுற்றி வருவது அதற்குப் பெரிய வேலையே இல்லை. வந்து எதிர்ப்பக்க அலையை அழித்துவிடுகிறது. பானை ஒரு பக்கத்து அலையை அடைத்து வைக்கிறது, அவ்வளவுதான். சுவர் வளைந்திருப்பதால், சதுரப் பெட்டியில் எதிரெதிர்ப் பலகைகளுக்கு நடுவே அலை முட்டி நிற்கும் தொல்லையும் குறைவு.

ஆனால் எந்தப் பானை? வீட்டில் ஸ்பீக்கர் செய்வதன் பெரிய லாபம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பேன். ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961-இல் தொடங்கி வைத்து, 1970-களின் முற்பகுதியில் ரிச்சர்ட் ஸ்மால் விரிவாக்கிய கணக்கு, பெட்டி அளவை ஊகத்திலிருந்து மீட்டது. ஸ்பீக்கரோடு வரும் தாளில் மூன்று எண்களைப் பாருங்கள். ஒன்று, அது இயல்பாக அதிரும் அதிர்வெண். 45 ஹெர்ட்ஸ் என்று வைப்போம். அடுத்தது க்யூ.டி.எஸ்., அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதைச் சொல்லும் எண். 0.4 என்று வைப்போம். மூன்றாவது வி.ஏ.எஸ். 20 லிட்டர், கோனைத் தாங்கும் விளிம்பும் மடிப்பும் எவ்வளவு விறைப்போ, அதே விறைப்புள்ள காற்றின் அளவு இது. இந்த ஸ்பீக்கரை 9.4 லிட்டர் மூடிய பெட்டியில் வைத்தால் மேடு பள்ளம் இல்லாத பாஸ், அதாவது கனத்த தாழ்வொலி, கிடைக்கும். 4 லிட்டர் சட்டியில் வைத்தால் உள்ளே காற்று விறைத்து, 160 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு எழும்பும். நாம் பாஸ் என்று ரசிக்கிற ‘தொம் தொம்’ பல நேரம் இந்த மேடுதான். மிருதங்கத்தின் தொப்பியும் கிட்டாரின் தடித்த கம்பியும் அதில் ஒரே மாதிரி கேட்கும்.

பெட்டியை ஒரு விடுமுறையில் அறுத்து ஒட்டிவிடலாம். கடலோர ஈரத்தில், மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை உப்பும், நல்ல பிளைவுட் மேல்.

கஷ்டம் கிராஸ்ஓவரில் இருக்கிறது. தாழ்ந்த ஒலியை வூஃபர் என்ற பெரிய ஸ்பீக்கருக்கும், உயர்ந்த ஒலியை ட்வீட்டர் என்ற சிறிய ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்பும் சுற்று அது. 8 ஓம் ட்வீட்டரை 3000 ஹெர்ட்ஸுக்கு மேல் மட்டும் பாட வைக்க 6.6 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் போதும் என்று சூத்திரம் சொல்லும். ஆனால் ட்வீட்டர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓமாக இருப்பதில்லை. நான் செய்த முதல் ஜோடியில் நாதஸ்வரத்தின் நடுப்பகுதியே காணாமல் போயிற்று. பலகையையும் பெட்டிக்குள் அடைத்த பஞ்சையும் ஒரு வாரம் சந்தேகப்பட்டேன். ஒரு பெட்டியில் ட்வீட்டரின் இரண்டு ஒயர்களை மாற்றிக் கொடுத்ததும் வாத்தியம் திரும்பி வந்தது. வூஃபரும் ட்வீட்டரும் சேர்ந்து ஒலிக்கும் இடத்தில் வூஃபர் தள்ளும்போது ட்வீட்டர் இழுத்திருக்கிறது. வூஃபரின் போக்கைக் கண்ணாலேயே பார்க்கலாம்: பென்சில் பேட்டரியை ஒரு கணம் தொட்டு வையுங்கள், பிளஸ் சரியாக இருந்தால் கோன் முன்னே வரும். மற்றதற்கெல்லாம் அளக்கும் மைக் வேண்டும். காது இரண்டே நாளில் தப்பான ஒலிக்கும் பழகிவிடும். தொழிற்சாலைக்கு எதிரொலியில்லாத அறை இருக்கிறது, நமக்கு இல்லை.

பணம் மிச்சமாகும் என்று மட்டும் நினைத்து இறங்காதீர்கள். உதிரி விலையும் வீணாகும் பலகையும் சேர்ந்தால் கணக்கு இடிக்கும். விற்கப் போனால் யாரும் வாங்க மாட்டார்கள். ஆனால் பத்து வருடம் கழித்து ஃபோம் விளிம்பு உதிரும்போது, அதைப் பிரித்து மாற்றத் தெரிந்த கை உங்களிடம் இருக்கும்.

ஆரம்பிப்பவர்கள் தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலி எல்லாவற்றையும் தானே பாடும், கிராஸ்ஓவர் தேவையில்லாத ஒற்றை ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கர் ஒன்றை எடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலால் அளந்து ஊற்றிப் பானையின் கொள்ளளவைக் கண்டுபிடியுங்கள். மண் தண்ணீரைக் குடித்திருக்கும். இரண்டு நாள் வெயிலில் நன்றாகக் காயவிட்டுத்தான் ஸ்பீக்கரை ஏற்ற வேண்டும்.