செமி அகூஸ்டிக் வாங்கப் போகிறீர்களா? கேபிளைக் கடைசியில் செருகுங்கள்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் முதல் கிட்டார் வாங்க வரும் பிள்ளைகள் பெரும்பாலும் கேட்பது செமி அகூஸ்டிக்தான், அதாவது ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப் உள்ளே வைத்த அகூஸ்டிக் கிட்டார். ஞாயிறு ஆராதனையில் ஸ்பீக்கரில் கொடுக்க வேண்டும், கானா கச்சேரிக்கும் ஆக வேண்டும், வீட்டில் சும்மா உட்கார்ந்தும் வாசிக்க வேண்டும். கையில் 8,000 முதல் 15,000 ரூபாய். கடைக்காரர் உடனே கேபிளைச் செருகி, ரிவர்ப் (எதிரொலி) தூக்கலாக வைத்த ஆம்பில் இரண்டு கார்டு அடித்துக் காட்டுவார். அந்தச் சத்தத்தில் பாதி ஆம்பினுடையது. பிக்கப்பைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். கோணம் தப்பிய நெக்கையும் (விரல் ஓடும் கழுத்து), பெயர்ந்து தூக்கிய பிரிட்ஜையும் (பெட்டியில் கம்பிகள் முடியும் கட்டை) இந்த விலைக் கிட்டாரில் சரிசெய்யப் போனால், கூலி கட்டுப்படியாகாது.

முதலில் சுருதி. கடையில் தொங்கும் கிட்டாரில் கம்பிகளைத் தளர்த்தி வைத்திருப்பது வழக்கம். அந்த நிலையில் ஆக்‌ஷன் (நெக்கில் குறுக்கே பதித்த ஃப்ரெட் என்ற உலோகக் கோட்டுக்கும் கம்பிக்கும் உள்ள உயரம்) தாழ்வாகத் தெரியும், டாப் (பெட்டியின் மேல் பலகை) தட்டையாக இருக்கும், பார்வைக்கு எல்லாமே நல்ல கிட்டார்தான். செல்போன் ட்யூனரை வைத்து ஆறு கம்பிகளையும் முழுச் சுருதிக்கு ஏற்றிவிட்டு, பத்து நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். 12 கேஜ் கம்பி செட் (முதல் கம்பி 0.012 அங்குலத் தடிமன்) முழுச் சுருதியில் பெட்டியை ஏறக்குறைய 70 கிலோ விசையோடு இழுக்கிறது. குறை இருந்தால் அப்போதுதான் வெளியே வரும்.

இப்போது அரை மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல். 12வது ஃப்ரெட்டின் மேல் நுனியிலிருந்து கம்பியின் அடிவரை அளந்தால், தடித்த ஆறாவது கம்பிக்கு 2.5 மி.மீ., மெல்லிய முதல் கம்பிக்கு 2 மி.மீ. நல்ல அளவு. கானாவுக்கு ஓங்கி அடிப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் உயரம் இருந்தால்தான் கம்பி கிர்ரென்று இரையாது. மலிவு கிட்டார்களில் 3.5 மி.மீ. சகஜம். அதைப் பார்த்ததும் ஒதுக்கிவிட வேண்டாம்; பிரிட்ஜுக்கு மேலே சாடில் (கம்பிகள் உட்காரும் மெல்லிய துண்டு) எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். 12வது ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர் இறக்க, சாடிலில் ஒரு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். சாடில் 4 மி.மீ. நீட்டியிருந்தால் தேய்க்க இடம் இருக்கிறது. ஒன்றரை மில்லிமீட்டர்தான் மிச்சம், ஆக்‌ஷனோ இன்னும் 3.5 என்றால் நெக் உட்கார்ந்த கோணமே தப்பு. அதை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கோணத்தை நேராகவே பார்க்கவும் வழி உண்டு. 60 செ.மீ. ஸ்கேலை மூன்றாவது, நான்காவது கம்பிகளுக்கு இடையில் ஃப்ரெட்டுகளின் மேல் படுக்க வைத்து பிரிட்ஜ் பக்கம் தள்ளுங்கள். நுனி பிரிட்ஜ் கட்டையின் மேல் விளிம்பைத் தொட்டு நின்றால் சரி. கட்டையின் பக்கவாட்டில் போய் இடித்தால் கோணம் குறைவு. கடையில் கொஞ்சம் ஏற இறங்கப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

நெக்கின் வளைவுக்கு, ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் 14வதிலும் சேர்த்து அழுத்தி, ஏழாவது ஃப்ரெட் மேல் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். விசிட்டிங் கார்டு ஒன்று நுழையும் அளவு போதும். இடைவெளியே இல்லையென்றால் நெக் முழு நேராகவோ பின்னோக்கி வளைந்தோ இருக்கிறது; அரை மில்லிமீட்டருக்கு மேல் என்றால் ட்ரஸ் ராடை (நெக்குக்குள் ஓடும் இரும்புத் தண்டு) முடுக்க வேண்டும். ஆலன் கீ போடும் துளை முனை தேயாமல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது அவசியம். முடுக்கும்போதும் ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான்.

நட்டை, அதாவது நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளம் போட்ட துண்டை, யாரும் கவனிப்பதில்லை. ஒரு கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தினால், முதல் ஃப்ரெட்டுக்கு மேல் ஒரு தாள் நுழையும் இடைவெளி இருந்தால் போதும். அதிகமாக இருந்தால் ஒரே விரலால் முதல் ஃப்ரெட்டில் பல கம்பிகளை அழுத்தும் எஃப் கார்டு பிடிக்கவே முடியாது. விரலில் பலம் இல்லை என்று பிள்ளைகள் கிட்டாரை மூலையில் சாத்திவிடுவது பல நேரம் இந்த நட்டால்தான். நல்லவேளை, இது சின்ன வேலை.

பிரிட்ஜின் பின் விளிம்பில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். துளியும் உள்ளே போகக் கூடாது. அக்னி நட்சத்திர வெயிலில் ஷீட் கூரைக்குக் கீழேயோ பூட்டிய காரிலோ கிடந்த கிட்டாரில் பசை இளகி முதலில் விடுவது இந்த இடம்தான். பிறகு டாப்பை விரல் முட்டியால் அங்கங்கே தட்டுங்கள். எங்காவது சலசலத்தால் உள்ளே டாப்பைத் தாங்கும் பிரேஸ் கட்டை விட்டிருக்கலாம். செல்போனை சவுண்ட் ஹோலுக்குள் விட்டு வீடியோ எடுத்தால் தெரிந்துவிடும். வெறும் பிக்கப் வயர் டாப்பில் உரசினாலும் இதே சத்தம்தான் வரும். ஒரு கிளிப் போட்டு ஒட்டினால் தீர்ந்தது.

முழு மரமான சாலிட் டாப்பா, அடுக்குகளை ஒட்டிய லாமினேட்டா? சவுண்ட் ஹோலின் விளிம்பைப் பாருங்கள். மேலே ஓடும் மரக்கோடு அப்படியே கீழிறங்கினால் சாலிட். அடுக்கடுக்காகத் தெரிந்தால் லாமினேட். சாலிட்தான் ஒசத்தி என்று எல்லோரும் சொல்வார்கள், ஒலியில் அது உண்மையும்கூட. ஆனால் பல கம்பெனிகள் சொல்லும் 45-55 சதவீத ஈரப்பதம் எங்கே, நம் கடலோரம் எங்கே. ஏசி கடையில் 2.5 மி.மீ. காட்டிய ஆக்‌ஷன், ஐப்பசி மழையில் டாப் உப்பி 3 மி.மீ.க்கு ஏறிவிடும். ஏசி இல்லாத வீட்டில் வைத்து, திறந்த மேடையில் வாசிக்கப் போகிறவருக்கு நன்றாகக் கட்டிய லாமினேட்டே மேல். சாடிலில் தேய்க்க இடம் மிச்சம் வேண்டும் என்று சொன்னதும் இந்த மழைக்காலத்துக்காகத்தான்.

ஒலியைக் கேட்க, கடைக்காரரையோ நண்பரையோ வாசிக்கச் சொல்லி ஆறேழு அடி தள்ளி எதிரே நில்லுங்கள். கம்பி பழுப்பேறியிருந்தால் புதுக் கம்பி போடச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். முதல் கம்பியை ஒவ்வொரு ஃப்ரெட்டாக 14 வரை வாசித்தால், நடுவில் செத்துப்போகும் ஸ்வரம் காதில் படும். 12வது ஃப்ரெட்டில் ஹார்மானிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி) அழுத்திய ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். ஐந்து சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) வித்தியாசம் பரவாயில்லை. ஆக்‌ஷன் சரியாக இருந்தும் 15 என்றால் பிரிட்ஜ் ஒட்டிய இடமே தவறு.

இப்போது கேபிள். எலக்ட்ரிக் கிட்டார் ஆம்பில் வேண்டாம், சாடிலுக்கு அடியில் இருக்கும் பீசோ பிக்கப் அதில் கீச்சென்று கத்தும். கீபோர்டு ஆம்பில் கொடுக்கச் சொல்லுங்கள். ஈக்யூ (பாஸ், ட்ரெபிள்) குமிழ்கள் எல்லாம் நடுவில். ஆறு கம்பிகளையும் ஒரே பலத்தில் தட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அமுங்கினால், பிக்கப் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. சாடிலின் அடிப்பாகம் சமமாக இல்லாமல் அந்த இடத்தில் பீசோவை அழுத்தாமல் இருக்கும். ஆக்‌ஷன் இறக்க சாடிலைக் கோணலாகத் தேய்த்தாலும் இதே கோளாறு வரும். குமிழைத் திருப்பும்போது கரகரத்தாலோ, ஜாக்கை ஆட்டினால் சத்தம் விட்டுவிட்டு வந்தாலோ அது உப்புக் காற்றின் வேலையாகவும் இருக்கலாம். புதுக் கிட்டாரில் அதை ஏற்க வேண்டியதில்லை. கேபிள் செருகியிருக்கும் வரை 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும் என்பதையும் வீட்டில் சொல்லி வையுங்கள்.

கையில் இருக்கும் பணத்துக்கு எதுவும் தேறவில்லையா? அதே விலையில் பிக்கப் இல்லாத அகூஸ்டிக் கேளுங்கள். பணம் மரத்துக்கும் வேலைக்கும் போயிருக்கும். சவுண்ட் ஹோலில் மாட்டும் காந்தப் பிக்கப்பைப் பின்னால் வாங்கலாம். வெண்கலம் சுற்றிய கம்பிகளில் அது கொஞ்சம் மந்தமாகத்தான் கேட்கும், முதல் இரண்டு கம்பிகள் தூக்கலாக நிற்கும். பிக்கப்பில் திருகு இருந்தால் அந்த இரண்டு கம்பிகளின் பக்கம் இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் நிக்கல் சுற்றிய கம்பி போடலாம்.