அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால்: ஓர் ஆட்டக்காரருக்கு இன்னும் எத்தனை வருஷம் பாக்கி?

டியேகோ பாவியா 2020-இல் கல்லூரியில் சேர்ந்தார். 2025-இலும் கல்லூரி அணிக்குத்தான் ஆடிக்கொண்டிருந்தார். நாஷ்வில் நகரத்து வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக், அதாவது அணியின் தாக்குதலை நடத்திப் பந்தை எறிகிற ஆட்டக்காரர். அந்த ஆண்டு, சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் ஹைஸ்மன் கோப்பைக்கான வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பிடித்தார். ஐந்து வருஷம்தான் என்று விதி இருக்கும்போது இவருக்கு மட்டும் ஆறாவது வருஷம் எங்கிருந்து வந்தது? எதிரணி ரசிகர்கள் இப்படிக் கேட்பது நியாயம்தான். பதில் சொல்லத்தான் கொஞ்சம் இடம் வேண்டும்.

முதலில் ஒன்று. இங்கே ஃபுட்பால் என்பது நாம் சொல்லும் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஆட்டம். மிஷிகன், பென் ஸ்டேட், ஒஹாயோ ஸ்டேட் போன்ற பல்கலைக்கழகங்களில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரும் அரங்கங்களே இதற்கென்று இருக்கின்றன. யார் ஆடலாம், யார் ஆடக் கூடாது என்று விதி எழுதுவது அரசாங்கம் இல்லை. கல்லூரிகளே கூடி 1906-இல் தொடங்கிய என்.சி.ஏ.ஏ. என்கிற சங்கம். அரசுச் சட்டத்துக்கு உள்ள பலம் இந்தச் சங்க விதிகளுக்குக் கிடையாது. பாவியா கதை அங்கேதான் திரும்புகிறது. இங்கே நான் சொல்பவை 2025 பருவத்தில் நடப்பில் இருந்த விதிகள்.

அடிப்படை விதி ஒரே வரிதான்: மேல்மட்டமான டிவிஷன் ஒன்னில், ஐந்து ஆண்டுக்குள் நான்கு பருவம் ஆடலாம். ரசிகர்களின் சண்டையில் பாதி, இந்த இரண்டு எண்ணையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருவது. ஐந்து என்பது கடிகாரம். ஏதாவது ஒரு கல்லூரியில் முழுநேர மாணவராகச் சேர்ந்த நாளில் அது ஓட ஆரம்பிக்கும். அப்புறம் அவர் ஆடினாலும் ஓடும், பெஞ்சில் உட்கார்ந்தாலும் ஓடும், ஒரு வருஷம் படிப்பை விட்டுவிட்டு வீட்டில் இருந்தாலும் ஓடும். ராணுவ சேவை, சர்ச் அனுப்பும் மதப்பணி போன்ற சிலவற்றுக்கு மட்டும் நிற்கும். மோர்மன் சபை நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழக அணியில் 24, 25 வயதுக்காரர்கள் தென்படுவதற்கு இதுதான் காரணம். நான்கு என்பது செலவழிக்கும் பணம் மாதிரி. ஆடினால்தான் குறையும்.

ஐந்துக்கும் நான்குக்கும் நடுவே மிஞ்சுகிற அந்த ஒரு வருஷத்துக்குப் பெயர் ரெட்ஷர்ட். நெப்ராஸ்கா அணியில் 1937-இல் வாரன் ஆல்ஃப்சன் என்பவர், 'இந்த வருஷம் நான் பயிற்சி மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஆட்டத்தில் இறக்க வேண்டாம்' என்று கேட்டு, பயிற்சியின்போது எண் இல்லாத சிவப்புச் சட்டையோடு நின்றார் என்று பெயர்க்காரணம் சொல்வார்கள். பல காலம் இந்த விதி கறாராக இருந்தது. ஒரு ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை களத்தில் இறங்கினாலும் பருவம் போச்சு. 2018-இல் தளர்த்தினார்கள்: நான்கு ஆட்டம் வரை ஆடலாம், பருவம் செலவாகாது. ஐந்தாவதில் கால் வைத்தால் செலவு. பருவ முடிவில் தேர்ந்தெடுத்த அணிகளுக்கு நடத்தும் பௌல் ஆட்டங்களும், சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் ஆட்டங்களும் இந்த நான்கில் சேராது என்பது 2024-இல் வந்த தளர்வு.

புதுப் பையன்களுக்குக் கொஞ்சம் களம் காட்டலாம் என்ற நல்ல எண்ணத்தில் வந்த விதி இது. கையில் கிடைத்ததும் ஆட்டக்காரர்கள் இதைப் பேரம் பேசவும் எடுத்துக்கொண்டார்கள். 2024 செப்டம்பரில் லாஸ் வேகஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழக அணியின் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்லூக்கா, மூன்று ஆட்டம் ஆடி மூன்றும் ஜெயித்த கையோடு, இந்த வருஷம் இனி ஆடப் போவதில்லை என்று அறிவித்தார். பயிற்சிக் குழுவில் ஒருவர் வாய்வார்த்தையாகச் சொன்ன பணம் வந்து சேரவில்லை என்பது அவர் தரப்பு. அப்படி ஒப்பந்தமே இல்லை என்பது பல்கலைக்கழகத் தரப்பு. யார் சொன்னது சரி என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. அவர் நான்காவது ஆட்டத்தைத் தாண்டவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். அந்தப் பருவம் செலவாகவில்லை. 2025-இல் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்.

அணிப் பட்டியலைப் படிக்கவும் இந்தக் கணக்கு வேண்டும். ஃப்ரெஷ்மன், சோஃபமோர், ஜூனியர், சீனியர் (வரிசையாக ஒன்று முதல் நான்கு வரை) என்று ஆட்டக்காரர் பெயருக்குப் பக்கத்தில் போட்டிருப்பது செலவான பருவத்தைக் காட்டும். முன்னால் 'ரெட்ஷர்ட்' என்று சேர்ந்திருந்தால் உட்கார்ந்திருந்த ஒரு வருஷம் தனி. ஆக, ரெட்ஷர்ட் சோஃபமோர் என்றால் கல்லூரியில் மூன்றாவது வருஷம், ஆட்டக் கணக்கில் இரண்டாவது. இந்தப் பருவமும் முடிந்தபின் அவருக்கு இன்னும் இரண்டு பாக்கி. 'மூணு வருஷமா இருக்கான், அடுத்த வருஷத்தோட சரி' என்று கணக்குப் போடுகிறவர் தப்புவது இங்கேதான்.

காயம் பட்டால் தனி வழி. பருவத்தின் முதல் பாதிக்குள் காயம் பட்டு, மொத்த ஆட்டங்களில் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு மேல் ஆடாமல், அந்தப் பருவம் முழுக்க வெளியே உட்கார நேர்ந்தால், மருத்துவச் சான்றோடு அந்தப் பருவத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் பருவம் திரும்பி வந்தாலும் கடிகாரம் திரும்பாது. ஆறாவது வருஷம் வேண்டுமென்றால், தன் கையில் இல்லாத காரணத்தால் இரண்டு வருஷம் வீணாயிற்று என்று காட்ட வேண்டும். டைட் எண்ட் என்கிற இடத்தில் ஆடும் கேம் மெக்கார்மிக் 2016-இல் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்; ஒரு ரெட்ஷர்ட் வருஷம், அடுத்தடுத்து வந்த காயங்கள், கோவிட் சலுகை எல்லாம் சேர்ந்து, 2024-இல் மயாமி அணிக்காகத் தன் ஒன்பதாவது பருவத்தில் நின்றார். ஒன்பதா என்று வாயைப் பிளந்தவர்கள் நிறைய. ஒவ்வொரு வருஷமும் விதிப்படி விண்ணப்பித்து வாங்கியதுதான். கோவிட் சலுகை என்பது, 2020 பருவத்தில் யார் எத்தனை ஆட்டம் ஆடியிருந்தாலும் அதைச் செலவில் சேர்ப்பதில்லை, கடிகாரத்திலும் ஒரு வருஷம் கூட்டித் தருவது என்று சங்கம் எல்லோருக்கும் கொடுத்தது. அந்தத் தலைமுறை ஆட்டக்காரர்கள் கல்லூரியை விட்டுப் போய்ச் சேரவே வருஷக்கணக்காயிற்று.

இனி பாவியாவுக்கு வருவோம். அவர் முதலில் சேர்ந்தது நியூ மெக்சிகோ ராணுவ நிறுவனம் என்கிற ஜூனியர் காலேஜ். பேச்சு வழக்கில் ஜூகோ. அங்கே 2020, 2021. பிறகு நியூ மெக்சிகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2022, 2023. வாண்டர்பில்ட்டில் 2024. கோவிட் வருஷத்தைக் கழித்தால் சரியாக நான்கு பருவம். கணக்கு முடிந்தது. ஆனால் ஜூகோக்கள் என்.சி.ஏ.ஏ.வில் உறுப்பினர்களே இல்லை. உங்கள் சங்கத்தில் இல்லாத கல்லூரியில் நான் ஆடியதை உங்கள் கணக்கில் எப்படிச் சேர்ப்பீர்கள், அதனால் எனக்குக் கிடைக்கக்கூடிய வருமானம் போகிறதே என்று, 1890-ஆம் ஆண்டின் ஷெர்மன் போட்டித்தடைச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் நீதிமன்றம் போனார். 2024 டிசம்பர் 18 அன்று டென்னசி மாநிலத்துக் கூட்டாட்சி நீதிபதி வில்லியம் கேம்பல், அந்த விதியை அவர்மேல் போடக் கூடாது என்று இடைக்காலத் தடை கொடுத்தார். சங்கம் மேல்முறையீடு செய்தது. கூடவே, அதே நிலையில் இருந்த மற்ற ஜூகோ ஆட்டக்காரர்களுக்கும் 2025-26-க்கு ஒரு வருஷம் பொது விலக்கு கொடுத்துவிட்டது. பாவியாவின் ஆறாவது வருஷம் இப்படி வந்ததுதான்.

இதைப் பார்த்துவிட்டு வழக்குகள் குவிந்தன. எல்லோருக்கும் ஒரே பதில் கிடைக்கவில்லை. விஸ்கான்சின் அணியின் நைசியர் ஃபோர்குரியன், கீழ்மட்டமான டிவிஷன் டூவில் இரண்டு பருவம் ஆடிவிட்டு வந்தவர். கீழ் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகச் சொன்னது. 2025 ஜூலையில் ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிவிட்டது. ஒரே விதி, டென்னசியில் ஒரு முடிவு, விஸ்கான்சினில் ஒரு முடிவு. விதிப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு 'இவனுக்கு இனி தகுதி இல்லை' என்று அடித்துப் பேசுகிறவர்கள், வழக்கு எந்த ஊர் நீதிமன்றத்தில் நிற்கிறது என்பதையும் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

படிப்புக் கணக்கு ஒன்று தனியாக ஓடுகிறது. ரசிகர்கள் அதைப் பேசுவதே குறைவு. உயர்நிலைப் பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்களில் குறைந்தது 2.3 சராசரி இருந்தால்தான் முதல் வருஷமே ஆடலாம். எஸ்.ஏ.டி. போன்ற நுழைவுத் தேர்வு மதிப்பெண் வேண்டும் என்ற நிபந்தனையை 2023-இல் எடுத்துவிட்டார்கள். கல்லூரிக்குள் வந்தபின், இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டத்துக்கான படிப்பில் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 80 முடித்திருக்க வேண்டும். ஃபுட்பாலுக்கென்றே இன்னொரு விதியும் உண்டு: ஆட்டம் நடக்கும் இலையுதிர்காலப் பருவத்தில் ஒன்பது கிரெடிட் (பாடங்களில் தேறினால் கிடைக்கும் புள்ளி) தேறாவிட்டால், அடுத்த வருஷம் முதல் நான்கு ஆட்டம் வெளியே உட்கார வேண்டும். டிசம்பர் கடைசியில் பௌல் ஆட்டத்துக்கு முந்தைய நாள் திடீரென்று ஒரு பெயர் பட்டியலில் இல்லாமல் போனால், சில சமயம் காயம் காரணமில்லை, தேர்வு முடிவுதான்.

தகுதி இருந்தாலும் இடம் இருக்க வேண்டுமே. முன்பு மேல்மட்ட ஃபுட்பால் அணி ஒன்று 85 பேருக்குத்தான் ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம். அதற்குமேல் வாக்-ஆன் என்று சொந்தச் செலவில் படித்துக்கொண்டு ஆடுகிறவர்களை எத்தனை பேர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்த, ஆட்டக்காரர்கள் சங்கத்தின்மேல் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசம் இதைத் தலைகீழாக்கியது. ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு போனது. சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளில் அணியே 105 பேர் என்று ஆனது. முதல் ஆண்டில் ஒரு கல்லூரி தன் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரை ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பங்கு தரலாம் என்றும் ஆயிற்று. பணம் வந்ததைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். அதே சமரசத்தில் இடம் போனது வாக்-ஆன் பையன்களுக்கு. அவர்களைப் பாதுகாக்காமல் ஒப்புதல் தர மாட்டேன் என்று நீதிபதி நின்றதால், இந்த மாற்றத்துக்காக நீக்கப்பட்டவர்களை 105-இல் சேர்க்காமல் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை வந்தது. வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். கட்டாயம் இல்லை.

கடைசியாக, கோச் போனால் ஆட்டக்காரர் என்ன செய்யலாம்? நெடுநாள் இருந்த ஓரவஞ்சனை இது. கோச் ஒப்பந்தத்தில் பைஅவுட், அதாவது முன்கூட்டியே விலகினால் கட்ட வேண்டிய தொகை, எழுதியிருக்கும். அதைக் கட்டிவிட்டால் மறுநாளே வேறு அணி. ஆட்டக்காரர் மாறினால் ஒரு வருஷம் ஆடாமல் இருக்க வேண்டும். 2018 அக்டோபரில், வேறு கல்லூரிக்கு மாற நினைக்கிறவர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021-இல் ஒரு தடவை உட்காராமல் மாறலாம் என்றார்கள். 2024 முதல், படிப்புத் தகுதி சரியாக இருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம். அலபாமாவின் கோச் நிக் சேபன் 2024 ஜனவரி 10 அன்று ஓய்வு அறிவித்ததும், போர்ட்டலில் பெயர் பதிய அந்த அணிக்கு 30 நாள் கதவு திறந்தது. ஆட்டக்காரர்கள் கேலப் டவுன்ஸ் ஒஹாயோ ஸ்டேட்டுக்கும், ஐசாயா பாண்ட் டெக்சஸுக்கும் கிளம்பினார்கள். 2025 நவம்பரில் கோச் லேன் கிஃபின், பிளேஆஃப் வாசலில் நின்ற ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) அணியை விட்டு எல்.எஸ்.யு.வுக்கு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) போனபோது விதி மாறியிருந்தது: புது கோச்சை அறிவித்த ஐந்தாம் நாளுக்குப் பிறகு 15 நாள் மட்டும். எல்லோருக்குமான பொதுக் கதவும் 2026-இல் ஜனவரி 2 முதல் 16 வரை ஒரே தடவை; வசந்தகாலக் கதவை மூடிவிட்டார்கள்.

அந்தக் கதவுக்குள் போக கோச்சின் அனுமதி வேண்டாம். எழுதிக் கொடுத்தால் கல்லூரி இரண்டு வேலை நாளில் பெயரைப் பதிய வேண்டும். பதிந்த பிறகே மற்ற கல்லூரிகள் பேசலாம். ஆனால் பெயர் ஏறிய பிறகு, அடுத்த வருஷ ஸ்காலர்ஷிப்பை வைத்திருக்கும் கடமை பழைய கல்லூரிக்கு இல்லை. புது இடம் கிடைக்காதவர் திரும்பி வந்தால், சேர்ப்பதும் சேர்க்காததும் அந்த கோச்சின் இஷ்டம்.